நார்மல்னு எழுதுன ஊரு

இல்லைங்கம்மா, யாரும் அனுப்பல. நாங்களா தான் வந்தோம். நீங்க எழுந்திருக்காதீங்க, கால்ல கட்டு வெச்சிக்கினு எதுக்கு நிக்கறீங்க. உக்காருங்க. சேர் எல்லாம் வேணாம், நாங்க இப்பிடி கீழயே உக்காந்துக்கறோம். கீழ தான் எங்களுக்கு வசதி, பெட்டியப் பரப்பி வெச்சிக்கலாம்.

என் பேரு சரசு. லேப் வேலைக்குப் படிக்கற புள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கறவ. ரத்தம் எப்பிடி எடுக்கறது, எடுத்தத எப்பிடி டெஸ்ட் பண்றது, மைக்ராஸ்கோப்புல என்னா பாக்கறது, இதெல்லாம் சொல்லிக் குடுக்கறது தான் என் வேலை. இவ மெஹ்ஜபீன், என் ஸ்டூடண்ட். ஆமாங்க, அதே பொண்ணு தான். கேம்ப்ல உங்களுக்கு ரத்தம் எடுத்தவ. கேட்டியா மெஹ்ஜபீன், ஊசி போட்டதே தெரிலன்னு சொல்றாங்க. சிரிக்கறா பாருங்க. ஒரு வாரமா இவ மொகத்துல சிரிப்பையே நான் பாக்கல.

காலைல எதுனா சாப்பிட்டீங்களா? காபி? குடிக்கலையா, நல்லதா போச்சு. வேணாங்க, எங்களுக்கும் வேணாம். நீங்களும் கொஞ்ச நேரம் குடிக்காம இருங்க. இன்னொரு வாட்டி உங்களுக்கு ரத்தம் எடுக்கணும். அதுக்குத் தான் வந்தோம்.

தெரியுங்கம்மா. ரிப்போர்ட் வந்துடுச்சு, எல்லாம் நார்மல்னு போட்டிருக்கு. உங்களுக்கு மட்டுமா? அன்னிக்குக் கை நீட்டுன எல்லாருக்கும் நார்மல் தான். உங்க ஊர்ல ஒருத்தருக்கு சக்கரை இல்ல. ஒரு பொம்பளைக்கு ரத்தம் கம்மி இல்ல. கிட்னில ஒரு கோளாறு இல்ல. நான் இந்த வேலைக்கு வந்து இருவது வருஷத்துக்கு மேல ஆவுது, இப்பிடி ஒரு ஊர நான் பாத்ததே இல்ல. கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டுல சும்மா நிக்கறவங்களப் புடிச்சி எடுத்தா கூட பத்துக்கு ரெண்டு மூணு பேருக்கு சுகர் இருக்கும். உங்க ஊருக்கு மட்டும் சாமி வந்து தனியா வரம் குடுத்துட்டுப் போச்சா?

கோவப்படாதீங்க. சார் அனுப்பலன்னு தான் சொன்னனே. நாங்க இப்ப சாரோட இன்ஸ்டிட்யூட்ல இல்லைங்கம்மா. நானும் இல்ல, இவளும் இல்ல. வெளிய போங்கன்னுட்டாங்க. ஏன்னு கேக்கறீங்க இல்ல, அத சொல்லாம நான் இங்கருந்து எழுந்துக்கறதா இல்ல. முழுசா கேளுங்க. கேட்டுட்டு வெளிய போடின்னீங்கன்னா போய்டறேன், சண்ட போட மாட்டேன்.

மொதல்ல இவளப் பத்தி சொல்லிடறேன். இவங்க அப்பா நூருல்லா பாய், டவுன்ல மெத்தை, தலகாணி தைக்கிற கடை வெச்சிருக்காரு. இவ எங்ககிட்ட சேந்த மொத வாரம், ஊசியக் கையில எடுத்துக் காட்டுறேன், பின்னால தொம்முனு ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா இந்த அம்மா கீழ கெடக்கறா. தண்ணி தெளிச்சி எழுப்பி உக்கார வெச்சேன். போய்டுவான்னு தான் நெனச்சேன், அந்த மாதிரி எத்தினியோ பேரு போயிருக்காங்க. மறுநாளு வந்து மொத பெஞ்சுல உக்காந்தா. மிஸ், மயக்கம் வந்தா எழுப்பாதீங்க, நானே எழுந்துக்கறேன்னா.

அதுக்கப்புறம் அவ வீட்ல யாரும் நிம்மதியா கைய நீட்ட முடியாது. அவங்க அம்மா அஜ்மத் பேகம் சொல்லி சொல்லி சிரிப்பாங்க. மாவு பெசையற கையப் புடிச்சி நரம்பு தேடுவாளாம். கடையில பஞ்சு அடைக்கறவரு கையக் கூட வுடலையாம். கண்ணால தேடாத, வெரலால தேடுன்னு நான் கிளாஸ்ல சொன்னத அப்பிடியே புடிச்சிக்கினா. தோ, என் கையப் பாருங்க. இந்த மடிப்புல புள்ளி புள்ளியா இருக்குது பாருங்க, எல்லாம் இந்தப் புள்ளைங்க குத்திக் கத்துக்கினது தான். என் வீட்டுக்காரரு கேப்பாரு, நீ சம்பளத்துக்குப் போறியா, ரத்தம் குடுக்கப் போறியான்னு.

குத்தறது கூடக் கத்துக்கலாங்க, ரெண்டு மாசத்துல வந்துடும். கஷ்டம் வேற எடத்துல. நான் புள்ளைங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு தான் திரும்பத் திரும்ப சொல்வேன். டெஸ்ட் பண்ணாததுக்கு நம்பர் போடாத. டவுட்டா இருந்தா மறுபடி பண்ணு, மறுபடியும் டவுட்டுன்னா எங்கிட்ட வா, எனக்கும் தெரிலன்னா தெரிலன்னு எழுதி அனுப்பு. ஆனா இல்லாத நம்பர எழுதாத. டாக்டரு உன் மூஞ்சியப் பாக்க மாட்டாரு. நீ போடற நம்பரத் தான் பாப்பாரு. அத நம்பி மாத்திரை எழுதுவாரு, கத்தி வைப்பாரு. இத சொல்லி சொல்லி எனக்கு வாய் வலிச்சது தான் மிச்சம்னு நெனச்சிக்கினு இருந்தேன். இல்லன்னு இவ காட்டிட்டா.

கேம்ப நான் சொல்லணுமா, நீங்க தான் பாத்தீங்களே. பள்ளிக்கூடத்து முன்னால பந்தல், பெரிய பேனரு, இலவச முழு உடல் பரிசோதனைன்னு. இட்லி, பொங்கல், போட்டோ எடுக்க ரெண்டு பேரு. புள்ளைங்களுக்கு சந்தோஷம்னா அப்பிடி ஒரு சந்தோஷம். மொத மொதல்ல நெஜ பேஷண்ட் பாக்கறாங்க இல்ல? எங்க அபிநயா இருக்காளே, அவ வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கினு வந்திருந்தா. நரம்பு புடிபடாத கைங்கள எல்லாம் மெஹ்ஜபீன் கிட்ட தான் அனுப்பினோம். வெயில்ல காஞ்ச கை, களை புடுங்குன கை, தோலு தடிச்சிப் போன கை. ஒருத்தர் கூட ஐயோன்னு சொல்லல. எல்லாத்தையும் ஐஸ் பெட்டில அடுக்கி, வேன்ல ஏத்திக்கினு டவுனுக்குப் போனோம். புள்ளைங்க வேன்ல பாட்டுப் பாடிக்கினே வந்தாங்க.

அங்க போய் லேப்ப தொறந்தா, மிஷினுக்கு ஊத்தற மருந்து இல்ல. தீந்து போயி ரொம்ப நாளா ஆர்டர் போடல. நான் அதுக்கு முன்னாலயே ரெண்டு வாட்டி சொல்லியிருந்தேன், வந்துடும் வந்துடும்னாங்க. சரி, வராட்டி என்னா, வெளிய எதுனா பெரிய லேப்ல குடுத்து ஓட்டிக்கலாம் சார்னேன். அதெல்லாம் கட்டுப்படி ஆவாது மேடம்னாரு. அப்ப என்னா சார் பண்றதுன்னேன்.

ஊத்திடுங்கன்னாரு.

கத்தல. கத்தியிருந்தா கூடப் பரவால்லன்னு இருந்திருக்கும். டீ குடிச்சிக்கினே சொன்னாரு. எல்லாத்தையும் வாஷ்பேசின்ல ஊத்திடுங்க, ப்ளீச்சிங் போட்டுக் கழுவிடுங்க. ரிப்போர்ட்ல சுகர் தொண்ணூறுல இருந்து நூத்திப் பத்துக்குள்ள போடுங்க. ஒரே நம்பரா போடாதீங்க, மாத்தி மாத்திப் போடுங்க. ஊரு ஜனம் சந்தோஷமா இருப்பாங்க, யாருக்கு நஷ்டம்னாரு.

அப்பிடி பண்ண மாட்டாருன்னு தான் நானும் நெனச்சேங்கம்மா. நானும் அங்க எட்டு வருஷம் இருந்தவ. ஒரே ஒரு மைக்ராஸ்கோப்ப வெச்சிக்கினு ஆரம்பிச்ச எடம் அது, எனக்குத் தெரியாதா? என் வீட்டுக்காரரு ஆஸ்பத்திரில கெடந்தப்போ ஒரு மாசம் லீவு குடுத்தவரு. சம்பளமும் புடிக்கல. அத நான் மறக்கல, என்னிக்கும் மறக்க மாட்டேன். ஆனா அது வேற, இது வேற. எனக்கு நல்லது பண்ணாருன்னு உங்க ஊரு ரத்தத்த நான் சாக்கடைல வுட முடியாது இல்லைங்களா.

புள்ளைங்க ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாக்குதுங்க. ஒருத்தன் பேனாவத் தெறந்துட்டான். அபிநயா என்னைப் பாக்கறா, மிஸ் என்னா சொல்வாங்கன்னு. நான் வாயத் தெறக்கறதுக்குள்ள இவ எழுந்துட்டா. இவ தான், இப்ப வாயே தெறக்காம உக்காந்துக்கினு இருக்காளே, இவ. டெஸ்ட் பண்ணாம எழுத மாட்டேன் சார்னா. சார் சிரிச்சாரு. உனக்கு என்னா வயசும்மா, உலகத்துல எல்லா எடத்துலயும் நடக்கறது தான்னாரு. நடக்கட்டும் சார், நான் எழுத மாட்டேன்னா. நீ எழுதலன்னா பரீட்சை எழுத முடியாதுன்னாரு. சரி சார்னா.

அவ்ளோ தாங்க. சரி சார். நான் போய் வாஷ்பேசின் முன்னால நின்னுக்கினேன். என் ஸ்டூடண்ட்ஸ் எழுத மாட்டாங்க சார்னேன். அப்ப நீங்களும் கெளம்புங்க மேடம்னாரு. பாதி கிளாஸ் எங்க பின்னாலயே எழுந்து வந்துடுச்சு. பாதி உக்காந்துடுச்சு. உக்காந்தவங்கள நான் திட்ட மாட்டேன், அவங்கவங்க வீட்டுக் கஷ்டம் அவங்கவங்களுக்கு. ஆனா எழுந்தவங்க பேர ஒவ்வொண்ணா சொல்லி நான் எங்க வேணா பெருமைப்படுவேன்.

ஊத்திட்டாங்க. நாங்க வந்தப்புறம் ஊத்தி, கழுவி, ரிப்போர்ட்டும் எழுதிட்டாங்க. அது தான் உங்க வீட்டுக்கு வந்த ரிப்போர்ட்டு.

அன்னிக்கு சாயந்திரம் நூருல்லா பாய் என் வீட்டுக்கு வந்துட்டாரு. நான் பயந்துட்டேன். பொண்ணு படிப்பு போச்சேன்னு சண்டைக்கு வர்றாரு, என்னா பதில் சொல்றதுன்னு. மனுஷன் உக்காரக் கூட இல்ல. எம் பொண்ணு பொய் எழுத மாட்டேன்னதுக்குத் தான அனுப்பிட்டாங்க, வேற ஒண்ணும் இல்லையேன்னாரு. இல்ல பாய்னேன். அப்ப சரி, எங்க கடைக்கு மேல ஒரு ரூமு சும்மா கெடக்குது, பஞ்சு மூட்டைய எல்லாம் நகத்திட்டேன், நாளைக்கு எல்லாப் புள்ளைங்களையும் அங்க வரச் சொல்லுங்க, படிப்பு நிக்கக் கூடாதுன்னாரு. இப்ப அங்க தாங்க கிளாஸ். தும்மிக்கினே படிக்கறோம். மைக்ராஸ்கோப்பு ஒண்ணு அப்பாசாமி சார் குடுத்தாரு. டவுன்ல சின்ன லேப் வெச்சிருக்காரு, அவரு மிஷின்லயே நாங்க இங்க எடுக்கறத எல்லாம் டெஸ்ட் பண்ணிக்கச் சொல்லிட்டாரு. நான் நின்னு ஒவ்வொண்ணா பாப்பேன். எதுனா பெரிசா வந்துதுன்னா நேரா பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போறது எங்க பொறுப்பு.

பரீட்சையா? கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்திருக்கோம். பரீட்சை நடத்தறவங்களுக்கும் எழுதிப் போட்டிருக்கோம். வுடலன்னா அடுத்த வருஷம் எழுதுவோம். வேற எடத்துல இருந்து எழுதுவோம். இந்தப் புள்ளைங்க எழுதாம போவாது, அத நான் பாத்துக்கறேன். நாங்க ஊசி, ட்யூப் எல்லாம் திருடிக்கினு வந்துட்டோம்னு கம்ப்ளெயிண்ட் குடுப்பேன்னு கூட எங்க பழைய சார் ஆள் அனுப்பினாரு. குடுக்கட்டுங்க. ஸ்டேஷன்ல உக்கார வெச்சி கேட்டா, உங்ககிட்ட சொன்னத அப்பிடியே அங்கயும் சொல்றேன். எனக்கென்னா பயம்?

ஆஸ்பத்திரிக்குப் போய் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டுப் போவ வேண்டியது தானன்னு கேக்கறீங்க. சொன்னோங்கம்மா. காலைல இருந்து அதத் தான் சொல்லிக்கினு வர்றோம். உங்க எதிர்த்த வீட்டு சந்திரம்மா இருக்காங்களே, நாலு எட்டு வெச்சா மூச்சு வாங்குது, கண்ணு எமைய இழுத்துப் பாத்தேன், வெள்ளைத்துணி மாதிரி இருக்குது. நர்சம்மா வந்து கூப்புட்டப்போ கூட, எனக்குத் தான் நார்மல்னு வந்துடுச்சே, எதுக்கு வரணும்னு அனுப்பிட்டாங்களாம். அது தாங்க வெஷம். ரிப்போர்ட்டே இல்லன்னா கூட ஒடம்பு சொல்றத மனுஷன் கேப்பான். பொய் ரிப்போர்ட் வந்துடுச்சுன்னா ஒடம்பு கத்துனாலும் கேக்க மாட்டான்.

சரி, நாங்களே எடுத்துக்கறோம், கைய நீட்டுங்கன்னா, தெருவுல ஒருத்தரும் நீட்டல. ஒரு வீடு வுடாம போய்ட்டு வந்தோம். மூஞ்சிக்கு நேரா கதவ சாத்தலையே தவிர, மத்தபடி அதே தான். ஏன்னு உங்களுக்குத் தெரியும். உங்க வீட்ட மீறி இந்தத் தெருவுல யாரும் எதுவும் பண்ண மாட்டாங்க. பெரிய வீட்டம்மா எடுத்துக்கினாங்கன்னா நாங்களும் எடுத்துக்கறோம்னு வாய் வுட்டே சொல்லிட்டாங்க சந்திரம்மா.

ஆனா அதுக்காக மட்டும் உங்ககிட்ட வரல. அந்தக் கால் கட்டு. அன்னிக்குக் கேம்ப்ல மெஹ்ஜபீன் தான் பாத்துட்டு வந்து எங்கிட்ட சொன்னா. முள்ளு குத்துனதுன்னு சொன்னீங்களாம். எப்ப குத்துச்சு? கடலைக்காய் புடுங்குனப்போவா? அப்ப குத்துனது இன்னுமா ஆறல? வலிக்குதா? கொஞ்சம் கூட வலியே இல்லையா? ஐயோ, அத இவ்ளோ சந்தோஷமா சொல்றீங்களே. வலிச்சா நான் இங்க ஓடி வந்திருக்க மாட்டேங்கம்மா. வலிக்கலன்னு இவ சொன்னதால தான் ராத்திரி தூக்கம் வரல எனக்கு. சக்கரை ஏறிப் போச்சுன்னா காலு மரத்துடும், புண்ணு வலிக்காது. தண்ணி தாகம் ஜாஸ்தியா இருக்குதா? இருக்கும். வெரல் கருத்துப் போறதுக்குள்ள பாத்துட்டா மாத்திரையோட, ஊசியோட போயிடும். பாக்கலன்னா கால எடுக்கணும்னு சொல்வாங்க. பயமுறுத்தல. நடக்கறத சொல்றேன்.

இல்ல, அந்த ரிப்போர்ட்டக் கொண்டாராதீங்க. அத நான் பாக்க வேணாம்.

தப்பா எழுதியிருக்க மாட்டாங்கன்னா சொல்றீங்க? ஊருக்கு வேணா அப்பிடி எழுதியிருக்கலாம், உங்களுது சரியா தான் இருக்கும்னு. ம். அதுவும் சரி தான். அப்பிடி நெனைக்கறது நியாயம் தான். நானா இருந்தாலும் அப்பிடித் தான் நெனச்சிருப்பேன்.

என்ன மெஹ்ஜபீன், கையப் புடிச்சி இழுக்கற? சொல்ல வேணாம்னு பஸ்ல பேசிக்கினு வந்தோம், தெரியும். சொல்லாம எப்பிடிம்மா? கேக்கறாங்களே.

வாஷ்பேசின் கிட்ட இன்னும் ஒண்ணு நடந்துச்சுங்க, நடுவுல நான் அத வுட்டுட்டேன். இவ சரி சார்னுட்டு கெளம்பறதுக்கு முன்னால ராக்குல இருந்து ஒரு ட்யூப எடுத்தா. சாம்பல் கலர் மூடி, சுகர் டெஸ்ட்டுக்கு எடுத்தது. தங்கம்மாள்னு இவ கையெழுத்து. சார் கையில குடுத்து, சார், இது உங்க அம்மாதுன்னா. கால்ல ஆறாத புண்ணு இருக்குது சார், இத மட்டுமாவது ஊத்தாதீங்கன்னா.

உங்க புள்ள கொஞ்ச நேரம் அந்த ட்யூபயே பாத்துக்கினு நின்னாரு. விமல்ராஜ் சார் அப்பிடி நின்னு நான் பாத்ததில்ல. அம்மாவ நான் தனியா வேலூருக்குக் கூட்டிக்கினு போய் பாத்துக்கறேன்னாரு. பொய்யா சொல்லலைங்க. அந்த நிமிஷம் நெஜமா தான் சொல்லியிருப்பாரு. அப்புறம் நான் போய் நடுவுல நிக்கறதுக்குள்ள மூடியத் தெறந்து அவரே தான் ஊத்துனாரு. பைப்பத் தெறந்து வுட்டாரு.

கூட்டிக்கினு போனாருங்களா?

வந்து ரிப்போர்ட்டக் குடுத்துட்டுப் போனாரு. சரி.

அழாதீங்க. தண்ணி குடிக்கறீங்களா? தண்ணி குடிக்கலாம், ஒண்ணும் ஆவாது. மெஹ்ஜபீன், அந்த சொம்ப எடு. எங்க எழுந்துக்கறீங்க? போனா? போன் பண்ணணும்னா பண்ணுங்க, நாங்க ஓட மாட்டோம். அவரு வரட்டும், வர்ற வரைக்கும் கூட உக்காந்திருக்கோம். போன் இல்லையா? சேரா? எதுக்குங்க சேரு? வெளியவா? தெருவுலயா? ஏங்கம்மா, இங்கயே எடுத்துக்கலாமே, வெயில் வேற ஏறிக்கினு வருது.

தெருவே பாக்கணுமா. சரிங்கம்மா. சரி.

மெஹ்ஜபீன், பெட்டிய எடுத்துக்கோ. நான் சேரப் புடிச்சிக்கறேன். பாத்து, படி. அந்தக் கால ஊணாதீங்க, என் தோளப் புடிச்சிக்கங்க. இங்க போடவா, நடுத் தெருவுலயா? சரி. சந்திரம்மா எட்டிப் பாக்கறாங்க. கூப்புடுங்க, நீங்க கூப்புட்டா வருவாங்க. அதோ, அந்த வீட்லருந்தும் வர்றாங்க பாருங்க.

கைய நீட்டுங்க. மூடிக்கங்க, இறுக்கி. இன்னிக்கும் வலிக்காது.

இருங்க, ட்யூப் மேல பேரு எழுதட்டும். தெரியுங்கம்மா, தெரிஞ்சாலும் கேட்டுத் தான் எழுதணும். தங்கம்மாள். சரி. என்னது? விமல்ராஜோட அம்மான்னும் சேத்து எழுதணுமா? அப்பிடி எழுதற வழக்கம் இல்லைங்க.

சரி. எழுதும்மா மெஹ்ஜபீன். அவங்க சொல்ற மாதிரியே எழுது.